எம்மேல வந்தது யாரு

ஏத்தா, இந்த பஸ்ஸு ஏர்போர்ட்டுக்கு உள்ள போகுமா, இல்ல ரோட்டுலயே எறக்கி விட்டுருவானா? ரோட்டுலதானா. சரி சரி. கண்டக்டர்கிட்ட ரெண்டு தரம் சொல்லிட்டேன், இருந்தாலும் நீயும் கொஞ்சம் பாத்துக்க தாயி. நான் இதுக்கு முன்னாடி ஏர்போர்ட்டக் கண்ணால பாத்ததில்ல. மூணு மணிக்குப் பிளேனு. மணி இப்ப என்ன, பதினொண்ணா? அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே உள்ள விட்டுருவாகளாமே, உள்ள போயிட்டா அப்பறம் வெளிய வர முடியாதாமே, நெசமா?

எம்மக போறா. பூரணம்னு பேரு. ஒத்த மக. முப்பத்தி நாலு வயசு. மலேசியாவுல வயசானவுகளப் பாத்துக்கிற வேலை. காலையில அவுக அப்பா கூட கார்ல போயிட்டா. நான் வரலைன்னுட்டேன். அவுக போயி அரை மணி நேரம் இருக்கும், அடுப்புல ஒலை கொதிக்குது, எனக்கு அரிசி போடத் தோணல. ஒலைய எறக்கி வச்சிட்டு, கட்டுன சேலையோட பஸ் ஏறிட்டேன். அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அதச் சொல்லிட்டா அவ போகமாட்டா. ஆனா அதச் சொல்லத்தான் பயமா இருக்கு.

என்னான்னு பாக்குற. மொதல்லருந்து சொன்னாத்தான் ஒனக்கு வெளங்கும். இன்னும் கீரனூரே வரலல்ல? அப்ப நேரம் கெடக்கு.

எம்மேல சாமி வரும் தாயி. ஒதுங்காத, இப்ப வராது. வருசத்துக்கு ஒரு தரம், ஆடி மாசப் படையலுக்குத்தான் வரும். எங்க வீட்டுச் சாமி, அடைக்கலச் சாமின்னு பேரு. எங்க வீட்டுக்காரருக்குத் தாத்தா வெள்ளைச்சாமின்னு ஒருத்தரு. அவருக்குக் கூடப் பொறந்த தம்பி இந்த அடைக்கலம். பதினேழு வயசுல கோவிச்சுக்கிட்டு நாகப்பட்டினம் போயி, கப்பலேறி மலாயாவுக்குப் போயிட்டாரு. போனவரு போனவருதான். கடுதாசி இல்ல, தகவல் இல்ல. பன்னெண்டு வருசம் பாத்தாக. அதுக்கு மேல பாக்கக்கூடாதுன்னு, அரிசி மாவுல ஆளாட்டம் உருவம் பிடிச்சு, அதுக்கு மொறைப்படி கொள்ளி வச்சு, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் பண்ணிட்டாக. எங்க பக்கம் அப்படித்தான். ஆளு வராட்டி மாவுல பிடிச்சு எரிச்சுப்புடணும், இல்லன்னா அந்த ஆவி அலையும்.

அப்படிக் காரியம் பண்ணுன மறு வருசமே வீட்டுல ரெண்டு மாடு செத்துருச்சு. குறி கேட்டா, கடலுக்குப் போனவன் வந்து நிக்கிறான், எடம் கேக்குறான்னு வந்துச்சு. வீட்டுக்குள்ள வடக்கு மூலையில ஒரு கல்ல நட்டு, வேட்டி சாத்தி, வெளக்கப் போட்டாக. அன்னையிலருந்து அவரு எங்களுக்குச் சாமி.

மொதல்ல எங்க மாமியா மேல வந்துச்சு. மாமியா போனதுக்கப்பறம் எங்க ஓரகத்தி மேலதான் வரும்னு எல்லாருமே நெனச்சாக. அவளுக்கும் அந்த நெனப்பு இருந்துச்சு, படையலன்னைக்குத் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு மொத ஆளா வந்து நின்னா. ஆனா சாமிக்கு யாரு மேல வரணும்னு தெரியாதா? எம்மேல வந்துருச்சு. வந்ததும் மொத வாக்கே, சின்னவன் தனி அடுப்பு வச்சுப் போகட்டும், அப்பத்தான் குடும்பம் வெளங்கும்னு. நானா சொன்னேன்? சாமி சொல்லுச்சு. கொழுந்தனும் ஓரகத்தியும் மறு வாரமே தனியாப் போயிட்டாக. அவ இன்னைக்கு வரைக்கும் எங்கூட மொகம் குடுத்துப் பேசுறதில்ல. சாமி சொன்னதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

முப்பத்தோரு வருசம் தாயி. ஒரு வருசம் தப்புனதில்ல. பங்காளி வீட்டு ஆளுக பூராம் வந்து எங்கால்ல விழுவாக. போர் எங்க போடலாம், புள்ளைய எந்தக் காலேசுல சேக்கலாம்னு கேப்பாக. எங்க வீட்டுக்காரரு மத்த நாள்ல எம்மேல கைய ஓங்குற ஆளு, அன்னைக்கு மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு.

எம்மகளுக்கும் சாமிதான் வழி காட்டுச்சு. நர்சு படிப்புப் படிச்சவ. எட்டு வருசத்துக்கு முன்னாடி சிங்கப்பூர்ல ஆஸ்பத்திரி வேலை வந்துச்சு. பாஸ்போட்டுக் கீஸ்போட்டெல்லாம் எடுத்துட்டா, பொட்டியும் வாங்கிட்டா. அந்த ஆடியில சாமி வந்து, "கடல் தாண்டாத, தாண்டுனா நான் போன வழிதான் ஒனக்கும், ஒன்னையும் மாவுல பிடிச்சுத்தான் எரிப்பாக"ன்னு சொல்லிருச்சு. புள்ள அப்படியே ஒக்காந்துட்டா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. ரெண்டு மாப்பிள்ளை வந்துச்சு, ஒண்ணு ஓசூரு, ஒண்ணு பம்பாயி. அதுக்கும் சாமி உத்தரவு குடுக்கல. பக்கத்துல எடம் அமையல. அப்படியே வயசு ஓடிப்போச்சு. ஆலங்குடியில ஒரு மருந்துக் கடையில நிப்பா, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துருவா. எனக்கு அது போதும். ஒத்தப் புள்ளைய வச்சிருக்கிறவளுக்கு வேற என்ன வேணும் சொல்லு. அவளும் நல்லாத்தான் இருந்தா. பேச்சுத்தான் கொறஞ்சு போச்சு.

இந்த ஆடி பொறந்து மூணா நாளு. வாசல்ல மொளகா காய வச்சுக்கிட்டு இருக்கேன். சுடிதார் போட்ட பொம்பளை ஒருத்தி, காதுல ஒயர மாட்டிக்கிட்டு, தலையக் குனிஞ்சு எதையோ கேட்டுக்கிட்டே தெருவுல வாரா. ஊருணிக் கரையில நின்னா. ஐயனார் கோயில் மண்குதிரை காதத் தொட்டுப் பாத்தாளாம், ஒத்தக் காது ஒடஞ்சிருக்கும், அத. பனைமரத்த ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனாளாம். ஒரு ஆளுகிட்ட வழி கேக்கல தாயி. நேரா எங்க வீட்டுக்கு வந்து, செருப்பக் கழட்டிட்டு, என்னையத் தாண்டி உள்ள போயி, வடக்கு மூலையில சாமிக்கு முன்னாடி நின்னுட்டா. மொளகாய அப்படியே போட்டுட்டு நானும் பின்னாடியே ஓடுனேன்.

"இங்கதானே ஒரு குதிர் இருந்துச்சு?"ன்னா.

ஒனக்குக் குதிர்னா தெரியாது. நெல்லுக் கொட்டி வைக்கிறது, மண்ணுல வனைஞ்சு ஆளு ஒசரம் நிக்கும். அது இருந்தது நெசந்தான். நான் வாக்கப்பட்டு வாரதுக்கு ரொம்ப முன்னாடியே இடிச்சிட்டாக, அடிவட்டம் மட்டும் தரையில தெரியும். அதுக்கு நடுவுலதான் சாமிக் கல்ல நட்டுருக்கு. வெளியாளுக்கு அது எப்படித் தெரியும்?

அவ பேரு ரேணுகா. மலேசியாவுல ஸ்கூல் டீச்சராம். நாப்பது வயசு இருக்கும். அடைக்கலத்தோட பேத்திங்கிறா. அப்படிப் பாத்தா எங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி மொறை, எனக்கு நாத்தனா. நான் ஒண்ணும் புரியாம, "சாமிக்கு அங்க கல்யாணம் ஆச்சா? புள்ளை பொறந்தப்பறமா செத்தாரு?"ன்னு கேட்டேன்.

"யாரு சாமி அண்ணி?"

"ஒங்க தாத்தாதான். இந்தா இருக்காருல்ல. செத்து அறுபது எழுபது வருசம் ஆச்சே."

அவ என்னைய ஒரு மாதிரி பாத்தா. "தாத்தா போன தீபாவளிக்குக்கூட எங்களோட ஒக்காந்து மீகோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டாருங்க அண்ணி. போன மாசிலதான் தவறுனாரு. தொண்ணூத்து நாலு வயசு."

தாயி, அந்தத் தண்ணி பாட்டிலக் கொஞ்சம் குடு.

நீயே யோசிச்சுப் பாரு. தொண்ணூத்து நாலு வயசு வரைக்கும் அந்த மனுசன் அங்க ரப்பர் பால் வெட்டிக்கிட்டு, டீ குடிச்சுக்கிட்டு, பேரன் பேத்தியத் தூக்கிக்கிட்டு உசுரோட இருந்திருக்காரு. அப்பன்னா முப்பத்தோரு வருசமா எம்மேல வந்தது யாரு? "நாந்தாண்டா அடைக்கலம்"னு சொல்லிக்கிட்டு வந்தது எது? எதுவோ ஒண்ணு, போற வார ஆவி, பேரு தெரியாத பொணம், அவரு பேரச் சொல்லிக்கிட்டு எங்கொடலுக்குள்ள பூந்து போயிருக்கே! அதுக்குத்தான நான் சாராயமும் சுருட்டும் கருவாட்டுக் கொழம்பும் படைச்சேன்? இவ சொல்றா, தாத்தா சுருட்டத் தொட மாட்டாரு, கருவாடு வாடையே ஆகாதுன்னு. அப்பத் தின்னது யாரு?

அன்னையிலருந்து நான் அந்த மூலைப் பக்கம் போறதில்ல. பட்டப்பகல்லயே போறதில்ல. வெளக்கு வைக்க மகள அனுப்புவேன். முதுகுக்குப் பின்னாடி எதுவோ நிக்கிற மாதிரியே இருக்கும். ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல. சொன்னா ஓரகத்தி சிரிப்பா. எங்க வீட்டுக்காரரு சும்மா இருப்பாரா? முப்பத்தோரு வருசக் கைகட்டுக்கும் சேத்துல்ல எங்கிட்டக் கணக்குத் தீப்பாரு.

அதவிடக் கொடுமை அந்தக் குரலு. ரேணுகா செல்போன்ல அவரு பேசுனதப் பிடிச்சு வச்சிருக்கா, மணிக்கணக்கா. அதக் கேட்டுக்கிட்டேதான் வழி கண்டுபிடிச்சு வந்திருக்கா. ஒரு நாள் பூரணத்துக்குப் போட்டுக் காட்டுனா. நான் அடுப்படியில இருந்தேன், காதுல விழுந்துச்சு. நாங்க கும்புட்ட சாமி செல்போன்ல பேசுது தாயி. மெல்லிசாக் கம்முன குரலு. எம்மேல வந்ததெல்லாம் சிங்கமாட்டம் கத்தும்.

"எங்கண்ணன் வெள்ளைச்சாமி ஒரு மூர்க்கன்"னு சொல்லுது அந்தக் குரலு. "மாட்ட நெல்லுல விட்டுட்டேன்னு என்னையப் பிடிச்சு வடக்கு மூலைக் குதிருக்குள்ள எறக்கிட்டான். மூடியப் போட்டு மேல அம்மியத் தூக்கி வச்சான். வெறுங்குதிரு. கைய ஒசத்த முடியாது, ஒக்காரவும் முடியாது. உமி மூக்குல ஏறுது. மூணு நாளு. தொற தொறன்னு கத்துனேன். எங்காத்தா வெளிய ஒக்காந்து அழுகுது, அது அழுகுறது எனக்குக் கேக்குது. ஆனா தொறக்கல. அவனுக்குப் பயந்துக்கிட்டுத் தொறக்கல. நாலா நாள் விட்டான். அப்ப எடுத்த ஓட்டந்தான். கப்பல்ல ஏறுன பெறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

ரேணுகா சொன்னா, கடைசி ரெண்டு வருசம் மத்தியானத் தூக்கத்துல தெனம் தொற தொறன்னு கத்துவாராம். லிப்டுல ஏற மாட்டாராம், கக்கூஸ் கதவச் சாத்த மாட்டாராம். அவ அப்பா அதெல்லாம் வயசான காலத்துக் கெனவுன்னுட்டாராம். "அப்படி ஒரு எடம் இருக்கா இல்லையான்னு என் கண்ணால பாத்துட்டு வந்துரணும்னுதான் அண்ணி வந்தேன். இருக்கு. அதே எடத்துல அவரக் கல்லா நட்டு வச்சிருக்கீங்க. அவர வெளிய விட்டுருங்க அண்ணி." இதச் சொல்லிட்டு அந்த அடிவட்டத்துல கைய வச்சுக்கிட்டு அழுதா.

எனக்கு அழுகை வரல. பயந்தான் வந்துச்சு. ஏன்னா பூரணம் அழுகல. செல்போனையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் மெதுவா, "கப்பல்ல ஏறுன பெறகுதான் மூச்சு வந்துச்சாமா"ன்னு எங்கிட்டச் சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. மறுநாளு பரண் மேல இருந்த அந்தப் பழைய பொட்டியத் தொடச்சு வச்சிருந்தா. அவ அத்தை ரேணுகா அங்க ஒரு முதியோர் இல்லத்துல சொல்லி வேலை வாங்கித் தாரேன்னுட்டா. பாஸ்போட்டுக்கும் இன்னும் ரெண்டு வருசம் இருக்காம்.

நான் சண்டை போடல. நான் எதுக்குப் போடணும்? மூணாம் வெள்ளி படையலு, சாமி வந்து சொல்லட்டும்னேன். பூரணமும் சரின்னா. "சாமிகிட்டயே கேக்குறேன். அது சொன்னாப் போறேன், வேணாம்னா இனிமே வாழ்நாளுக்கும் கேக்க மாட்டேன்"னா. பங்காளி வீட்டுக்கெல்லாம் அது தெரிஞ்சு போச்சு. நான் முன்கூட்டி ஒண்ணும் நெனச்சு வைக்கல, சத்தியமா. போகாதன்னுதான் சாமி சொல்லும்னு தெரியும், அம்புட்டுத்தான். சாமி மனசு எனக்குத் தெரியாதா?

இது என்ன ஊரு? கீரனூரா. போகட்டும். ஏறுறவுக ஏறட்டும், நீ நகராத.

படையலன்னைக்கு வீடு கொள்ளாத கூட்டம். ஓரகத்திகூட வந்து நெலைப்படியில நின்னா. பங்காளி ஒருத்தரு உடுக்கை அடிக்கிறாரு. சாம்பிராணி போட்டாச்சு. நான் கல்லுக்கு முன்னாடி நிக்கிறேன். எனக்கு ரெண்டு பயம் தாயி. வந்துருமோன்னு ஒரு பயம். வந்தா அது யாருன்னு தெரியாதே. வரலைன்னா என்ன பண்றதுன்னு இன்னொரு பயம். அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருக்காகளே.

வரல. உடுக்கை அடிச்சு அவருக்குக் கை வலிக்குது, எனக்கு ஒரு மயிர்க்கூச்சுகூட இல்ல. சரி, நாமளாக் கொஞ்சம் ஆடுவோம், பின்னாடியே வந்து ஏறிக்கிரும்னு ஆட ஆரம்பிச்சேன். சில வருசம் அப்படித்தான். எல்லா வருசமும் எடுத்த ஒடனே வந்துருமா? கொஞ்சம் நாம தொடங்கிக் குடுக்கணும். முடிய அவுத்து விட்டேன். "நாந்தாண்டா அடைக்கலம்"னு கத்துனேன். கூட்டம் கும்புட்டுச்சு. ரேணுகா மட்டும் செவுத்தோட ஒட்டிக்கிட்டு நின்னா.

பூரணம் முன்னாடி வந்தா. கால்ல விழல. நின்ன வாக்குலயே எங்கண்ணப் பாத்துக் கேட்டா. "நான் போகவா, வேணாமா?"

வேணாம்னு சொல்ல வாயத் தொறந்தேன். அப்ப என்னாச்சுன்னு எப்படிச் சொல்வேன். கண்ணு இருட்டிருச்சு. சுத்தி நின்ன ஆளுகளக் காணோம். கைய ஒசத்துறேன், ஒசரல. எதுலயோ முட்டுது. மூக்குல உமி வாடை. மூச்ச இழுத்தா வரல. வெளிய யாரோ பொம்பளை அழுகுற சத்தம் கேக்குது, ஆனா தொறக்க மாட்டேங்கிறா. தெரிஞ்சேதான் தொறக்க மாட்டேங்கிறா. என் ஆயுசுல அப்படி நான் பயந்ததில்ல தாயி. பெரசவத்துலகூடப் பயந்ததில்ல. "தொற! தொறந்து விடு! அவ போகட்டும்! போ! போயிரு!"ன்னு என் வாயிலருந்து வந்துச்சு. சிங்கக் கொரலு இல்ல. மெல்லிசா, கம்முன கொரலு.

நெனவு வந்தப்ப எம்மக மடியில கெடந்தேன். அவதான் மொகத்தத் தொடச்சு விட்டா. எட்டு வருசத்துக்கப்பறம் அன்னைக்குத்தான் அவ என்னையத் தொட்டா. ஊரே சொல்லுச்சு, இந்த வருசம் சாமி வந்தாப்ல என்னைக்கும் வந்ததில்லைன்னு. ஓரகத்தி வந்து எங்கால்ல விழுந்துட்டா. மறுநாளு ரேணுகா அந்தக் கல்லப் பிடுங்கிக் கொண்டுபோயி ஊருணிக் கரையில வெட்டவெளியா வச்சா. ஒருத்தரும் தடுக்கல. அவ ஊருக்குப் போயி ரெண்டு மாசத்துல டிக்கெட்டு வந்துருச்சு.

இந்த ரெண்டு மாசமும் நான் யோசிச்சேன். அது சாமி இல்ல. அந்தச் செல்போன் பேச்சக் கேட்டுக் கேட்டு எனக்குள்ள பூந்துக்கிச்சு, நானாத்தான் ஒளறிட்டேன். அப்படித்தான் இருக்கணும், இல்லையா? இன்னைக்கு அவகிட்டப் போயி, "ஏத்தா, அது சாமி வாக்கு இல்ல, நாந்தான் சொன்னேன், பொய்யி, வா வீட்டுக்கு"ன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. அவ திரும்பிருவா. சாமி வாக்கத் தாண்ட மாட்டா எம்புள்ள.

ஆனா அவ கெட்டிக்காரி. கேப்பா. "இது நீ சொன்னதுன்னா, எட்டு வருசத்துக்கு முன்னாடி சொன்னது யாரும்மா?"ன்னு கேப்பா. பிளேனுக்கு வந்த அத்தனை சனத்துக்கு நடுவுல நின்னு கேப்பா. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்? அது சாமிதான்னு சொல்லலாம். ஆனா அந்த மனுசந்தான் அப்ப உசுரோட இருந்தாரே! அங்க ஒக்காந்து மீகோரெங் தின்னுக்கிட்டு இருந்தாரே!

நீ படிச்ச புள்ள. நீ சொல்லு. யாரு சொன்னதுன்னு சொல்லட்டும்?

 

என்னது? ஏர்போர்ட்டு வந்துருச்சா? அந்தா தெரியுதே, அதுவா? எம்மாம் பெருசு. நிப்பாட்டச் சொல்லு, நிப்பாட்டச் சொல்லு. கொஞ்சம் கையக் குடு தாயி, எந்திரிக்க முடியல. ஒடம்பு பூராம் நடுங்குது பாரு. ஏ, எல்லாரும் எதுக்கு ஒதுங்குறீக, பயப்படாதீக. இது சாமி இல்ல. நாந்தான்.